சமையலறைக்குக் கிரவுன் மோல்டிங்: ஆறு இன்ச் இடைவெளியை மூடிய கதை

எங்கள் சமையலறையில் மேல் கேபினெட்டின் தலைக்கும் சீலிங்குக்கும் நடுவே ஆறு இன்ச் இடைவெளி. அதற்குள் கையை விட்டுத் துடைக்க ஒவ்வொரு தீபாவளிக்கும் ஏணி போடுவோம். துடைத்த துணி பழுப்பாகிக் கையில் பிசின்போல ஒட்டும். தாளிக்கும்போது பறக்கும் எண்ணெய், அதன்மேல் தூசி, தூசியின்மேல் மறுபடி எண்ணெய். அடுப்புக்கு மேலே விசிறி ஓடத்தான் செய்கிறது, ஆனாலும் நம் சமையலுக்கு அது போதவில்லை. போன வருடம் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஒருநாள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அந்த இடத்தை அடைச்சுட்டா என்னடா?" என்று கேட்டார். அங்கே ஆரம்பித்த வேலை இது.

நாங்கள் இருப்பது கனடாவில், டொராண்டோவுக்குக் கிழக்கே. 1987-ல் கட்டிய வீடு. இங்கே பங்களா என்றால் மாளிகை இல்லை. மாடி இல்லாத ஒற்றைத் தள வீடு. சீலிங் எட்டு அடி, அதாவது 96 இன்ச். தரையிலிருந்து மேடை 36, மேடைக்கும் மேல் கேபினெட்டுக்கும் நடுவே 18, கேபினெட்டின் உயரம் 36. கூட்டினால் 90. மிச்சம் ஆறு. எட்டடி சீலிங் உள்ள ஏராளமான வீடுகளில் இதே கணக்குதான்.

ஊரில் சீலிங் ஓரத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கார்னிஸ் ஓட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். அதையே மரத்தில் வளைவுகளோடு இழைத்து நீளநீளமாக விற்பதுதான் கிரவுன் மோல்டிங். நம் தச்சர்கள் பீடிங் என்று சொல்வதற்குப் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பீடிங் பலகையோடு தட்டையாக ஒட்டிக்கொள்ளும். கிரவுன் அப்படியில்லை. கீழ் விளிம்பு சுவரில், மேல் விளிம்பு சீலிங்கில், நடுவே முதுகுக்குப் பின்னால் முக்கோணமாக ஒரு வெற்றிடம் என்று சாய்ந்து நிற்கும். இந்த வேலையில் வரும் குழப்பத்தில் முக்கால்வாசி அந்தச் சாய்விலிருந்து வருவது.

முதலில் மேலே என்ன இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். மூடினால் மூடியதுதான், அதனால் இதைத் தவறவிடாதீர்கள். சில வீடுகளில் அடுப்பு விசிறியின் காற்று வெளியே போகாமல் கேபினெட்டின் தலையில் வந்து விழும்; அங்கே மூடினால் எண்ணெயும் ஈரமும் உள்ளேயே தங்கிவிடும். மின்கம்பிகளை இணைக்கும் பெட்டி அங்கே இருந்தாலும் மூடக்கூடாது, அது எப்போதும் கைக்கு எட்ட வேண்டும் என்பது விதி. எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை. காற்றுக் குழாய் கேபினெட்டுக்குள்ளேயே போய்ப் பின்சுவர் வழியாக வெளியேறுகிறது.

அடுத்து அளவு. இங்கேதான் வேலையின் உண்மையான முகம் தெரிந்தது. பின்சுவர்க் கேபினெட் வரிசை 11 அடி நீளம். இடது மூலையில் கேபினெட் தலையிலிருந்து சீலிங் வரை 6¼ இன்ச். வலது கோடியில், ஃபிரிட்ஜ் பக்கம், 5¾ இன்ச். அரை இன்ச் வித்தியாசம்! லேசர் மட்டம் வைத்துப் பார்த்தால் கேபினெட் வரிசை நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கிறது. கோணல் சீலிங்கில்.

நான் கடையில் வாங்கி வந்து சீலிங்கோடு ஒட்டி ஆணி அடித்துவிடலாம் என்றிருந்தேன். அப்படிச் செய்திருந்தால் சீலிங்கோடு சேர்ந்து மோல்டிங்கும் சரிந்திருக்கும், கதவுகளுக்கு மேலே தெரியும் பட்டை ஒரு பக்கம் ஒல்லியாகவும் மறுபக்கம் தடிமனாகவும் ஆகியிருக்கும். பக்கத்துத் தெருவில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். முப்பது வருடம் இங்கே தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கேபினெட்டை விட்டு எட்டடி தள்ளி, சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டு பார்த்தார்.

"தம்பி, சீலிங்கைப் பார்த்து வைச்சீர் எண்டால் பிழையாப் போகும். ஆக்கள் குசினிக்குள்ள வந்தால் கதவுக்கு மேல உள்ள கோட்டைத்தான் பார்ப்பினம். அந்தக் கோட்டுக்கு நேரா வையும். சீலிங்கை நாங்கள் பிறகு கொண்டு வருவம்."

இந்த வேலை முழுக்க எனக்கு வழிகாட்டியது இந்த வார்த்தைதான். எந்த இடத்தில் சந்தேகம் வந்தாலும், கண் எந்தக் கோட்டைப் பிடிக்கிறது என்று தள்ளி நின்று பார்த்தேன். அதற்கு நேராக வைத்தேன். பிழையைக் கண் போகாத இடத்துக்குத் தள்ளினேன். கிரவுன் மோல்டிங் அழகுக்கு என்று சொல்கிறார்கள். நேரான கேபினெட்டுக்கும் கோணலான சீலிங்குக்கும் நடுவே உள்ள பிணக்கைத் தீர்ப்பதுதான் அதன் முதல் வேலை.

அரை இன்ச் என்றால் நம் தச்சுக் கணக்கில் நாலு நூல். இரண்டு நூலை மோல்டிங்கே வாங்கிக்கொள்ளட்டும், மீதி இரண்டு நூலைச் சீலிங்கில் பட்டி பார்த்து நிரப்பலாம் என்று முடிவெடுத்தோம். பதினொரு அடியில் இரண்டு நூல் சரிவைக் கண் கண்டுபிடிக்காது. நாலு நூலைக் கண்டுபிடித்துவிடும்.

மோல்டிங் தேர்வுக்கு வருகிறேன். நான் எடுத்தது 3⅝ இன்ச் அகலம், 38 டிகிரி சாய்வு. சுவரோடு மோல்டிங்கின் முதுகு செய்யும் கோணம் 38, சீலிங்கோடு 52. இங்கே அதிகம் கிடைப்பது இந்த வகை; 45 டிகிரியிலும் உண்டு. வாங்கும்போதே எது என்று பார்த்துவிட வேண்டும், வெட்டும் கணக்கு மாறும். சாய்த்து வைத்தால் என்னுடையது கீழே 2⅞ இன்ச் இறங்கும், முன்னால் 2¼ இன்ச் நீட்டும். ஆக ஆறு இன்ச்சில் கிட்டத்தட்டப் பாதியைத்தான் அது மறைக்கும். மீதியை மறைக்கக் கேபினெட்டின் தலையில் ஒரு பலகை நிற்க வேண்டும். மோல்டிங்கைக் கேபினெட்டில் நேராக அறையவும் முடியாது. எங்கள் கேபினெட்டுகளுக்கு முகப்புச் சட்டம் கிடையாது, கதவு உச்சிவரை போகிறது. மோல்டிங்கை அங்கே அடித்தால் கதவு திறக்காது.

மரத்தில், துண்டுகளை விரல் கோத்தாற்போல ஒட்டி, பிரைமர் அடித்து வரும் பைன் எடுத்தேன். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் மலிவு, வளையாமல் நேராகவும் இருக்கும். ஆனால் வெட்டிய முனையில் ஈரம் பட்டால் ஊதிவிடும். இட்லிப் பானையும் குக்கரும் தினமும் ஆவி விடுகிற அடுப்புக்கு மேலே அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு அடி நீளமாக வாங்கினேன், பதினொரு அடியில் ஒட்டு வரக்கூடாது என்று. காருக்குள் நுழையவில்லை, கடை வண்டியில்தான் வந்தது. வந்ததும் அடித்தளத்தில் போடாமல் சாப்பாட்டறையில் படுக்கப் போட்டு ஐந்து நாள் விட்டேன். மரம் வீட்டுக் காற்றுக்குப் பழகாமல் ஏறினால், பின்னால் சுருங்கி மூலைகள் வாய் திறக்கும்.

அந்த ஐந்து நாளும் சுத்தம் செய்யும் வேலை. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் நம் சமையலறைகளில் இதுதான் பாதி வேலை. கேபினெட்டின் தலையில் உறைந்திருந்த பிசுக்கை பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டினேன். மெழுகு சுரண்டுவதுபோல் சுருண்டு சுருண்டு வந்தது. அப்புறம் வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு, அதன்பின் எண்ணெய் நீக்கும் கரைசல், அதன்பின் வெறும் தண்ணீர். சீலிங்கிலும் அடுப்புக்கு மேலே நாலடிக்கு இதே வைத்தியம். கையை வைத்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும், அதுதான் சோதனை. எண்ணெய் இருக்கும் இடத்தில் பட்டியும் நிற்காது, சந்து அடைக்கும் பசையான கால்க்கும் நிற்காது, பெயின்ட் ஆறு மாதத்தில் தோலாக உரியும். சுத்தம் செய்த சீலிங்கில் அரக்குப் பிரைமர் ஒரு கோட் அடித்தேன். மஞ்சள் கறை மேலே ஊறி வராமல் அது தடுக்கும். ஒரு எச்சரிக்கை: உங்கள் சீலிங் புள்ளி புள்ளியாகத் தெளித்த பழைய பூச்சாக இருந்து, வீடு 1990-க்கு முந்தியதாக இருந்தால், சோதனைக்குக் கொடுக்காமல் அதைச் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம். கல்நார் இருக்கலாம். எங்கள் சமையலறைச் சீலிங் வழவழப்பானது.

பலகை நிறுத்தியது இப்படி. கேபினெட் தலையின் முன் ஓரத்தில் இரண்டுக்கு இரண்டு சட்டம் ஒன்றைப் படுக்க வைத்தேன். மேலிருந்து திருகு முடுக்கலாம் என்று போனால் ஆறு இன்ச்சுக்குள் டிரில் நுழையாது. கேபினெட்டுகளைக் காலி செய்து, உள்ளே தலையை விட்டு, கீழிருந்து மேல்நோக்கி 1¼ இன்ச் திருகு ஏற்றினேன். கேபினெட்டின் மேல்பலகை ⅝ இன்ச், மிச்சம் ⅝ சட்டத்துக்குள். அந்தச் சட்டத்தின் முகத்தில் முக்கால் இன்ச் பாப்லர் பலகை, ஐந்து இன்ச் உயரத்துக்குக் கிழித்தது, பசை தடவி ஆணி அடித்தேன். இப்போது பலகையின் முகம் கதவின் முகத்தோடு ஒரே தளத்தில் நிற்கிறது. கதவுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு நூல் சந்து. பலகை முன்பின் ஆடாமல் இருக்கப் பின்னால் இரண்டடிக்கு ஒரு முக்கோணத் தாங்கி. பலகையின் நெற்றியில், மோல்டிங்கின் முதுகு வந்து படியும் இடத்தில், அதே 38 டிகிரிக்கு அறுத்த முக்கோணக் கட்டைகளைப் பதினாறு இன்ச்சுக்கு ஒன்றாக ஒட்டினேன். மேல் விளிம்பை ஆணி பிடிக்க அது வேண்டும்.

பிறகு வெட்டு. கோணம் திருப்பி மரம் வெட்டும் மின்வாளான மைட்டர் வாளில் கிரவுனை வெட்ட இரண்டு வழி. தட்டையாகப் படுக்க வைத்து வெட்டலாம். 38 டிகிரி மோல்டிங்குக்கு, 90 டிகிரி மூலைக்கு, மேசையை 31.6 டிகிரி திருப்பி வாளை 33.9 டிகிரி சாய்க்க வேண்டும். பல வாள்களில் இந்த இரண்டு அளவுக்கும் குறி போட்டிருப்பார்கள். மூலை சரியாக 90 ஆக இருந்தால் நல்ல வழிதான். இல்லாவிட்டால் ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு கணக்கு போட வேண்டும். இன்னொரு வழி, சுவரில் எப்படிச் சாய்ந்து நிற்குமோ அப்படியே வாளில் நிறுத்தி வெட்டுவது. சீலிங்கைத் தொடும் விளிம்பு மேசையில், சுவரைத் தொடும் விளிம்பு பின்தடுப்பில். வாளைச் சாய்க்க வேண்டாம், மேசையை மட்டும் 45-க்குத் திருப்பினால் போதும். நான் இந்த வழியில் போனேன்.

இதில் ஒரு சிக்கல். மேசை சீலிங் ஆகிவிடுகிறது, அதாவது மோல்டிங் தலைகீழாக நிற்கிறது. தலைகீழானால் இடம் வலமும் மாறிவிடும். சுவரில் வலப்பக்கம் போகும் முனை வாளில் இடப்பக்கம் இருக்கும். எனக்கு இது தெரியும், படித்திருந்தேன். தெரிந்தும் முதல் நாள் மாலை, பதினொரு அடி வரிசைக்கான துண்டை எடுத்து, உள்மூலை வெட்டை எதிர்ப்பக்கம் வெட்டிவிட்டேன். பன்னிரண்டு அடி மரம். கேபினெட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தபோதுதான் தெரிந்தது, முனை மூலைக்குள் போகாமல் வெளியே பார்த்துக்கொண்டு நின்றது. நெஞ்சு அடைத்துவிட்டது. அன்று வாளை அணைத்துவிட்டேன்.

மறுநாள் காலை, வீணான அந்த மரத்திலிருந்தே எட்டு இன்ச் துண்டுகள் நாலு வெட்டினேன். உள்மூலை இடது, உள்மூலை வலது, வெளிமூலை இடது, வெளிமூலை வலது. ஒவ்வொன்றின் முதுகிலும் பெயரும், வாளில் எந்தப் பக்கம் வைத்து எந்தப் பக்கம் திருப்பியது என்றும் மார்க்கரில் எழுதினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் அந்தத் துண்டை மூலையில் பிடித்துப் பார்ப்பது, அதையே வாளில் வைத்துப் பார்ப்பது, பிறகுதான் நீள மரம். அதன் பிறகு ஒரு வெட்டும் தவறவில்லை. முதல் நாளே செய்ய வேண்டிய காரியம், தயவுசெய்து நீங்கள் முதல் நாளே செய்யுங்கள். இன்னொன்று: வாள் மேசையில் 2¼ இன்ச் தள்ளி ஒரு ரீப்பர் துண்டைத் திருகி நிறுத்தினேன். மோல்டிங்கின் மேல் விளிம்பு அதில் முட்டி நிற்கும். அது இல்லாமல் கையால் பிடித்தால் சாய்வு ஒரு டிகிரி மாறும், மூலை சேராது.

எங்கள் சமையலறைச் சுற்றில் ஆறு உள்மூலை, இரண்டு வெளிமூலை. உள்மூலைகளை இரு பக்கமும் 45 வெட்டிச் சேர்க்கலாம் என்று தோன்றும். வீட்டு மூலைகள் எதுவும் சரியாக 90 கிடையாது. எங்களுடையதில் ஒன்று 88, ஒன்று 91. சேர்த்தாலும், ஆணி அடிக்கும்போது மரம் பின்னால் போய்ச் சந்து திறக்கும். தச்சர்கள் இதற்குச் செய்வது கோப்பிங். ஒரு துண்டை நேராக வெட்டி மூலை வரை முட்ட விட்டுவிடுவது. மற்றத் துண்டின் முனையை முதல் துண்டின் வளைவுக்கு ஏற்ப அறுத்து, அதன்மேல் கவ்வ வைப்பது. மூலை 88 ஆனாலும் 92 ஆனாலும் கவ்வும்.

இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். முதலில் உள்மூலைக்கு வெட்டுவதுபோல் 45-ல் வெட்ட வேண்டும். வெட்டிய முகத்துக்கும் பிரைமர் அடித்த வெள்ளை முகத்துக்கும் நடுவே ஒரு விளிம்பு தெரியும். மோல்டிங்கின் முழு வளைவும் அந்த விளிம்பில் கோடாக இருக்கிறது. பென்சிலைப் படுக்க வைத்து அதன்மேல் தேய்த்தால் கருப்புக் கோடு கிடைக்கும். கோப்பிங் வாள் என்பது வில்போல வளைந்த சட்டத்தில் நூல் மாதிரி அலகு கட்டிய கைவாள். அதை அந்தக் கோட்டின் ஓரமாக ஓட்ட வேண்டும். நேராக இல்லை, அலகைப் பின்பக்கம் நன்றாகச் சாய்த்து, முகத்தில் கோடு மட்டும் மிஞ்சிப் பின்னால் மரம் உள்வாங்கிப் போகும்படி. பெரிய வளைவில் வாள் சுலபமாகப் போகும். கீழே சின்னப் படி மாதிரி ஒரு இடம் வரும், அங்கே திருப்ப முடியாது. வாளை வெளியே எடுத்து, நேராக ஒரு வெட்டு கொடுத்து, சில்லை விழ விட்டு, மறுபடி தொடங்க வேண்டும். அறுத்து முடித்ததும் ஒரு பென்சிலில் உப்புத்தாளைச் சுற்றி வளைவுக்குள் உருட்டித் தேய்த்தேன். கடைசியில் மிஞ்சுவது காகிதக் கனத்துக்கு ஒரு விளிம்பு. வெட்டு மிச்சத் துண்டு ஒன்றின் மேல் வைத்துப் பார்த்து, வெளிச்சம் தெரியும் இடத்தில் மறுபடி இரண்டு தேய்ப்பு.

முதல் மூலைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அண்ணன் பக்கத்தில் நின்றார், வாங்கிச் செய்யவில்லை. "அவசரப்படாதேயும், முகத்துக்கோடு உடையாமல் பாரும்" என்று மட்டும் சொன்னார். ஆறாவது மூலைக்குப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. அந்த முதல் துண்டு பக்கத்துத் துண்டின் வளைவில் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்த கணம் இருக்கிறதே, இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

வெளிமூலையில் கோப்பிங் கிடையாது. இரு பக்கமும் வெட்டித்தான் சேர்க்க வேண்டும், அதுவும் எல்லோரும் பார்க்கும் இடத்தில். ஃபிரிட்ஜ் மேல் கேபினெட் மற்றவற்றைவிட ஒரு அடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, அங்கே ஒன்று. ஜன்னல் பக்கம் கேபினெட் முடியும் இடத்தில் இன்னொன்று. ஜன்னல் பக்க மூலையைக் கோணமானி வைத்து அளந்தால் 92. வாளில் போடும் எண் 46 இல்லை, 44. வாள் எண்ணுவது நேர் வெட்டிலிருந்து. 180-ல் 92-ஐக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். இதை எழுதி வாளில் ஒட்டி வைத்தேன். கேபினெட் பக்கவாட்டுத் துண்டு பன்னிரண்டே முக்கால் இன்ச்தான். ஒரு முனையில் கோப்பிங், மறுமுனையில் வெளிமூலை வெட்டு. முதலில் கோப்பிங்கை முடித்து, சுவரில் கவ்வ வைத்து, அந்த இடத்திலேயே பலகையின் ஓரத்தைப் பென்சிலால் குறித்து, பிறகு வெளிமூலையை ஒரு நூல் கூட விட்டு வெட்டி, மெல்ல மெல்லக் குறைத்தேன். டேப் அளவை நம்பி வெட்டியிருந்தால் சேர்ந்திருக்காது. மூலையின் இரு முகத்திலும் மரப்பசை, உடனே பிடிக்கும் பசை இரண்டு சொட்டு, அப்புறம் தலை தெரியாத 23 கேஜ் குச்சி ஆணி. பசை இல்லாமல் ஆணியை மட்டும் நம்பி வெளிமூலையை விடக்கூடாது.

கேபினெட் இல்லாத சுவர்களில் கதை வேறு. எங்கள் கூரை டிரஸ் வகை, 24 இன்ச்சுக்கு ஒரு முக்கோணச் சட்டம், முன்சுவரிலிருந்து பின்சுவருக்குப் போகிறது. டிரஸ்ஸுக்கு இணையாக ஓடும் பக்கச் சுவரில் சீலிங்குக்கு மேலே ஆணி பிடிக்க மரமே இல்லை. அங்கே முக்கோணமாகக் கிழித்த சட்டத்தைச் சுவரின் தலைச்சட்டத்தில் திருகி, மோல்டிங்கை அதில் அடித்தேன். ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பின்சுவருக்கு எதிரே உள்ள உள்சுவர். ஒவ்வொரு பிப்ரவரியிலும் அந்தச் சுவருக்கும் சீலிங்குக்கும் நடுவே ஒரு விரிசல் வரும், மே மாதம் மூடிக்கொள்ளும். பட்டி வைத்து அடைத்தாலும் அடுத்த குளிரில் திரும்ப வரும். வீடு இறங்குகிறதோ என்று நாலு வருடம் பயந்துகொண்டிருந்தேன்.

அண்ணன்தான் விளக்கினார். டிரஸ்ஸின் அடிக்கட்டை குளிர் தடுக்கப் போட்ட தடித்த பஞ்சுக்குள் புதைந்து வீட்டுச் சூட்டில் காய்ந்து சுருங்குகிறது. மேல்கட்டைகள் மேலே குளிரில் ஈரம் வாங்கி நீள்கின்றன. அதனால் அடிக்கட்டை நடுவில் வில்போல மேலே வளைந்து சீலிங்கையும் தூக்குகிறது. வெளிச்சுவரில் டிரஸ் உட்கார்ந்திருப்பதால் அங்கே அசைவு இல்லை, வீட்டின் நடுவில் உள்ள சுவர்களில்தான். வைத்தியம்: அந்தச் சுவரில் மோல்டிங்கை சீலிங்கில் மட்டும் ஆணி அடிப்பது, சுவரில் அடிக்கவே கூடாது. சீலிங் ஏறினால் மோல்டிங்கும் கூட ஏறிச் சுவரில் வழுக்கும், விரிசலை மறைத்துக்கொண்டே இருக்கும். அதற்காக மோல்டிங் வைக்கும் முன்பே சுவரை உச்சிவரை பெயின்ட் அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குளிர்காலத்தில் கீழே பழைய நிறம் ஒரு கோடாகத் தெரியும். கீழ் விளிம்பில் கால்க் வைக்கக்கூடாது. டிரஸ் ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து 2½ இன்ச் ஆணி அடித்தேன். அந்தச் சுவர் 15 அடி, ஒரு ஒட்டு வந்தே தீரும். இரு முனையையும் 45-ல் சாய்வாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்று படியவிட்டு, டிரஸ்ஸுக்கு நேரே பசையோடு சேர்த்தேன். வாசலிலிருந்து வருபவருக்குச் சாய்வின் கோடு தெரியாத பக்கமாக.

மரவேலை இரண்டு வார இறுதியில் முடிந்தது. சீலிங்கைக் கொண்டு வரும் வேலைக்கு இன்னொரு வாரம். இடது மூலையில் மோல்டிங்குக்கு மேலே இரண்டு நூல் சந்து இருந்ததல்லவா? அதைக் கால்க்கால் அடைத்தால் நாலு மாதத்தில் வெடிக்கும். தொண்ணூறு நிமிடத்தில் இறுகும் பட்டியைக் கலந்து, மோல்டிங் விளிம்பில் இரண்டு நூல் கனமும் இரண்டடி தள்ளி ஒன்றுமில்லாமலும் ஆகும்படி சரிவாக இழுத்தேன். ஒரே தடவையில் போடாமல் மூன்று கோட். கடைசிக் கோட் காய்ந்ததும் விளக்கைச் சீலிங்கோடு ஒட்டிப் படுக்க வைத்து, நிழல் விழும் மேடுகளை மட்டும் தேய்த்தேன். இப்போது சீலிங்கே அங்கே மோல்டிங்கை நோக்கி இறங்கி வருகிறது. தெரிந்தவர் விரலால் தடவினால்தான் கண்டுபிடிக்கலாம்.

ஆணி ஓட்டைகளுக்கு மரப்பட்டி, நுண் உப்புத்தாள். மூலைகளில் கால்க், குழாய் நுனியை ஒரு நூலுக்கும் குறைவாக வெட்டி, ஈர விரலால் ஒரே இழுப்பு. மறுபடி மறுபடி தடவினால் அது முகமெல்லாம் பரவி வளைவின் கூர்மையைக் கெடுத்துவிடும். நிறத்துக்கு ஒரு இழுப்பறை முகப்பையே கழற்றிப் பெயின்ட் கடைக்குக் கொண்டுபோனேன். வெள்ளையில் எத்தனை வெள்ளை என்று அப்போதுதான் தெரிந்தது. சுற்றிலும் கேபினெட்டின் நிறமே, லேசான பளபளப்பு. அடுப்பின் பக்கம் துடைக்க வேண்டியிருக்கும், மங்கல் பெயின்ட் துடைப்பைத் தாங்காது.

செப்டம்பரில் முடித்தேன். பிப்ரவரி வந்ததும் டார்ச்சோடு ஏணியில் ஏறினேன். உள்சுவரில் மோல்டிங் ஒரு நூல் மேலே போயிருந்தது; அடியில் சுவரின் அதே நிறம், கீழே நின்று பார்த்தால் எதுவும் தெரியவில்லை. கோப்பிங் மூலைகள் ஆறும் அப்படியே. ஜன்னல் பக்க வெளிமூலையில் மட்டும் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு. அதைத் தொடவில்லை. ஏப்ரல் கடைசியில் பார்த்தபோது மூடிக்கொண்டிருந்தது.

பெயர் எழுதிய அந்த நாலு துண்டுகளும் அடித்தளத்தில் வாளுக்கு மேலே ஆணியில் தொங்குகின்றன. அண்ணன் தன் மகள் வீட்டுச் சாப்பாட்டறைக்கு அடுத்த மாதம் மோல்டிங் வைக்கப் போகிறாராம். மோல்டிங்கும் அதே அளவுதான். அந்தத் துண்டுகளை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.